பூட்டுடைத்தல் தகுமோ?

பூட்டு இருவகைத் தொழிலுடையது. வீட்டுடையான் கள்வர்க்கு அஞ்சித் தன் கதவில் தானே இடுவது ஒன்று. அகப்பட்டோன் வெளியேறாவண்ணம் காவலன் புறத்தே இடுவது மற்றொன்று. முன்னதற்குக் காவல் என்று பெயர். பின்னதற்குச் சிறை என்று பெயர். திண்டுக்கல்லிற் செய்த பூட்டு ஒன்றே இவ்விரு தொழிலுக்கும் உதவுமாதலின், பூட்டை மட்டும் பார்த்து அது காவலோ சிறையோ என்று கூறுதல் இயலாது. திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதைக் கண்ட பின்னரே கூறல் வேண்டும். இக்காலத்தே நம் மாணவர் சட்டைப்பையிற் கிடக்கும் கைப்பேசியில் இவ்விரு தொழிலையும் ஒருங்கே செய்யும் பூட்டொன்று இருக்கிறது. அது கள்வனையும் தடுக்கிறது, உடையவனையும் தடுக்கிறது. அதன் திறவுகோலோ காசு கொடுத்து வாங்கியவன் கையில் இல்லை. செய்து விற்றவன் கையில் இருக்கிறது. இப்பூட்டை உடையவனே உடைத்துக்கொள்ளுதல் தகுமோ, தகாதோ என்பதே இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் இப்பூட்டின் இயல்பை அறிதல் வேண்டும். கைப்பேசியை உயிர்ப்பித்தவுடன் அதனுள் பதிந்துள்ள சிறு நிரல் ஒன்று விழித்தெழுந்து, அடுத்து வரும் நிரலில் செய்தவரின் முத்திரை உண்டோ என்று சோதிக்கும். அது தனக்கு அடுத்ததைச் சோதிக்கும். இவ்வாறு படிப்படியாகச் சோதனை நிகழ்ந்த பின்னரே இயங்குதளம் எழும். எழுந்த இயங்குதளம் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அறை வகுத்து, ஓரறையில் உள்ளது மற்றோர் அறையை எட்டிப்பாராதபடி சுவர் எழுப்பும். அறைகள் அனைத்திலும் புகுந்து எதனையும் மாற்றும் பேரதிகாரம் ஒன்று உண்டு. அதனை நிரலறிஞர் 'ரூட்' என்பர். வேர் என்பது பொருள். அவ்வதிகாரம் வாங்கியவனுக்கு வழங்கப்படுவதில்லை. ஐபோனில் உள்ள குறையொன்றைக் கண்டுபிடித்து அதன் வழியே இவ்வதிகாரத்தைக் கைப்பற்றுதலை 'ஜெயில்பிரேக்' என்கின்றனர். சிறையுடைப்பு என்று நாம் கூறலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிற் செய்யும் இதே செயல் 'ரூட்டிங்' எனப்படும்.

இஃது அமெரிக்க நாட்டார் வழக்கு. நமக்கு இதனால் ஆவது என்னை என்று வினவுவார் உளராயின், அவர் பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தருகேனும் அரியலூர்க் கடைத்தெருவிலேனும் கைப்பேசி பழுது பார்க்கும் கடையொன்றின் முன் சிறிது நேரம் நின்று பார்ப்பாராக. குன்னத்திலிருந்தும் வேப்பந்தட்டையிலிருந்தும், செந்துறையிலிருந்தும் ஆண்டிமடத்திலிருந்தும் வந்த இளைஞர், பிறர் ஆண்ட கைப்பேசியைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதன் பூட்டைத் திறந்து தருமாறு கேட்டு நிற்பதைக் காணலாம். புதிது வாங்கப் பொருளில்லாதவனுக்கே பழையதைத் திறக்கும் தேவை மிகுதியாக உண்டாகிறது. ஆதலின் இவ்வினா செல்வர் வீட்டு விளையாட்டன்று. நம் மாணவர் பலர் வீட்டுக் காரியமே ஆகும்.

இனி இதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாக அமைந்த 2007ஆம் ஆண்டிலேயே, அவ்வாண்டு ஜூன் மாதத்தில், ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அஃது ஏ.டி.அண்டு.டி. என்னும் ஒரே நிறுவனத்தின் இணைப்பில் மட்டுமே பேசும். ஆகஸ்டு மாதத்தில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்னும் 17 வயது இளைஞர் அக்கட்டை அவிழ்த்தார். அவர் திறந்த கைப்பேசி ஒன்றுக்கு ஈடாக ஒருவர் ஒரு மோட்டார் வண்டியும் மூன்று புதிய ஐபோன்களும் கொடுத்தார் எனின், அக்காலத்தில் இதற்கிருந்த மதிப்பு விளங்கும். ஆப்பிள் நிறுவனம் தன் செயலிக் கடையைத் திறந்தது 2008 ஜூலையில். அதற்கு முன்னரே, அவ்வாண்டுத் தொடக்கத்தில், ஜே ஃப்ரீமன் என்பார் சிறையுடைத்த கைப்பேசிகளுக்கெனச் 'சைடியா' என்னும் கடையை அமைத்துவிட்டார். நம் நாட்டில் ஐபோன் முறைப்படி வந்தது 2008 ஆகஸ்டு 22ஆம் நாள், 8 ஜி.பி. கொள்ளளவுள்ளதன் விலை ₹31,000. அதற்கு முன்பே, பூட்டுடைத்த அயல்நாட்டுக் கைப்பேசிகள் இந்நாட்டுப் பெருநகரங்களின் கடைத்தெருக்களில் மறைவாக விலைபோயின.

இவ்விடத்தில் நன்மைகளை முதலிற் கூறுதல் முறை. உடைத்தவர் அனைவரும் கள்வரல்லர் என்பது ஒப்புக்கொள்ளத் தக்கது. ஓரிடத்து எழுத்தைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டும் எளிய வசதியும் தொடக்கத்தில் ஐபோனில் இல்லை. 2009 ஜூனிலேதான் வந்தது. செய்திகளைத் திரையின் மேலிருந்து இழுத்துக் காணும் வசதி 2011இலும், விளக்கு, ஒலி முதலியவற்றை ஒரே இடத்தில் அடக்கியாளும் பலகை 2013இலும் சேர்க்கப்பட்டன. இவை போன்ற வசதிகள் பல, சிறையுடைத்தார் கைப்பேசிகளில் முன்னரே வழங்கியவை. 2011இல் வலைப்பக்கம் ஒன்றைத் திறந்த அளவிலேயே ஐபோனின் பூட்டு அவிழுமாறு செய்த இளைஞரை, ஆப்பிள் நிறுவனமே அவ்வாண்டிற் பயிற்சிப்பணிக்கு அழைத்துக்கொண்டது. கதவை உடைத்தவனிடமே கதவு செய்வோன் பாடங் கேட்டான் என்பது இதன் கருத்து.

நம் மொழிக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ் 1991லேயே யூனிகோடு ஏட்டில் இடம் பெற்றது. 1999இற் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகை அமைந்தது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் அவர்களின் 'செல்லினம்' 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிக் கைப்பேசிகளுக்கு வந்தது. இத்துணை முயற்சிக்குப் பின்னும் முற்பட்ட ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிற் பலவற்றில் தமிழ்ச் செய்தியைத் திறந்தால் வெறுங்கட்டங்களே வரிசையாக நின்றன. எழுத்துரு ஏற்றினும் முறை பிறழ்ந்தது. மெய்க்கு முன் நிற்கவேண்டிய கொம்பு பின்னே போய் நின்றது. பிறர் செய்த விசைப்பலகையை ஐபோன் முழுதும் ஏற்கத்தொடங்கியது 2014ஆம் ஆண்டிலேயாம். இவ்விடைக்காலத்தில், தாய்மொழியில் ஒரு வரி படித்தற்காகவே தம் கைப்பேசியின் பூட்டைத் திறந்து தமிழெழுத்துருவை உள்ளே வைத்தோர் இருந்தனர். அவர் செயலைக் குற்றமென்று எவ்வாறு கூறுவது? பூட்டிய நிறுவனங்களுக்கு அவர்பாற் பகையில்லை, நினைவே இல்லை. நினையாமையால் விளைந்த சிறையை நினைத்தவர் திறந்தனர்.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியை நினையாதிருத்தல் கூடாது. அங்கு வாழ்ந்து தொண்டாற்றிய வீரமாமுனிவர் காலத்தே எகர ஒகரக் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்துவது புள்ளி ஒன்றே. ஓலையிற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் அதனை விட்டுவிடுவர், படிப்போர் இடர்ப்படுவர். நெடிலுக்கு இரட்டைக் கொம்பிட்டு அவ்விடரை அவர் நீக்கினார். பழைய வழக்கென்று எவரும் தொடாதிருந்த ஒன்றை அயல்நாட்டிற் பிறந்த ஒருவர் மாற்றினார். மாற்றம் நன்றாயிருந்தமையால் நாடு ஏற்றது. ஆயினும் அவர் முதலில் இலக்கணத்தைத் துறைபோகக் கற்றார். பின்னரே எழுத்திற் கைவைத்தார். இவ்வரிசையை நம் மாணவர் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இதனிடம் மீள்வோம்.

நாட்டுப்புறத்தில் மிகுதியாகப் புழங்கிய மற்றொரு கருவியையும் இங்குக் கருதலாம். 2017 ஜூலை 21ஆம் நாள் ஜியோ நிறுவனம் ஒரு சிறு கைப்பேசியை அறிவித்தது. ₹1,500 வைப்புத்தொகை கட்டவேண்டும். மூன்றாண்டு கழித்துக் கருவியைத் திருப்பித் தந்தால் தொகை மீளும் என்றனர். அதில் ஜியோவின் சிம் அட்டையன்றி வேறொன்றும் இயங்காது. வாட்ஸ்அப் வந்ததும் 2018 செப்டம்பரிலேதான். காத்திருக்க மனமில்லாத இளைஞர் சிலர் அதன் இயங்குதளமாகிய காய் ஓ.எஸ். என்பதன் உட்கதவைத் திறந்து, கடையில் இல்லாத செயலிகளை ஏற்றும் வழி கண்டனர். அவர்தம் கூர்மதி பாராட்டத்தக்கதே. ஆனால் வைப்புத்தொகைக்கு ஈடாகப் பெற்ற பொருள் முழுதும் தனதென்று ஒருவன் கூறத்தகுமா? மிகக் குறைந்த தொகைக்குக் கருவியைத் தந்தவன், அக்குறைவுக்கு ஈடாகவே இக்கட்டினை விதித்தான் அல்லனோ? முழுவிலை கொடுத்து வாங்கிய பொருளில் உள்ள பூட்டும், சலுகைக்கு ஈடாக இசைந்த பூட்டும் ஒன்றாகா. பூட்டுடைத்தலை ஒரே சொல்லாற் புகழ்வோரும் இகழ்வோரும் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

நன்மைகளுட் சிறந்தது ஒன்று எஞ்சியிருக்கிறது; அது கருவியின் ஆயுள். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிற் கல்லாய்க் கிடக்கும் அடிமரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டு நிலைத்ததென்பர். அம்மாவட்டத்தில் விலைபோகும் கைப்பேசியோ நான்கைந்தாண்டு கழிந்தால், உடல் பழுதின்றியிருந்தும், செய்தவனாற் கைவிடப்படுகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருதல் நின்றுவிடும். புதிய செயலிகள் ஏற மறுக்கும். இத்தகைய கருவிகளுக்கு 'லினியேஜ் ஓ.எஸ்.' முதலிய பொது இயங்குதளங்கள் மறுவாழ்வு தருகின்றன. 2016இன் இறுதியில் தோன்றிய அத்தளம் தன்னார்வலர் பலர் கூடி நடத்துவது. பழைய கைப்பேசியொன்றில் அதனை முறையாக ஏற்றியவன், கைவிடப்பட்ட பழைய தளத்தோடு உழல்வோனைவிடச் சில வகையில் மேலான பாதுகாப்பும் பெறக்கூடும். குப்பையிற் சேரவேண்டியது கற்பதற்கு உதவுகிறது. வறிய மாணவனின் ₹10,000 மிஞ்சுகிறது. இது சிறு பயனன்று.

நிற்க. இதுகாறும் ஒரு கட்சியை உரைத்தோம். இனி மறுகட்சியைக் கேட்போம். அதன் வலிமையும் குறைந்ததன்று.

2009 நவம்பரில் ஆஸ்திரேலியாவிற் சிறையுடைத்த ஐபோன்கள் பலவற்றின் திரையில் ஒரு பாடகரின் படம் தானே தோன்றியது. காரணம் யாதெனில், சிறையுடைத்தோர் பலர் தொலைவிலிருந்து கருவியுட் புகும் வாயிலொன்றையும் அமைத்துக்கொண்டனர். அதற்கு எல்லாக் கருவிகளிலும் 'ஆல்பைன்' என்னும் ஒரே கடவுச்சொல் இருந்தது. அதனை மாற்றவேண்டும் என்பதை அவர் அறியார். விளையாட்டாகத் தொடங்கிய அப்புழு வெளிப்பட்ட சில நாட்களிலேயே, நெதர்லாந்தில் வங்கிக் கணக்காளரைக் குறிவைத்து வேறொரு புழு கிளம்பியது. 2015 ஆகஸ்டில் 'கீரெய்டர்' என்னும் தீநிரல் வெளிப்பட்டபோது, சிறையுடைத்த கருவிகளிலிருந்து 2,25,000க்கு மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளின் விவரங்கள் களவுபோனமை தெரியவந்தது. இலவசச் செயலி வேண்டிக் கண்ட கடையிற் புகுந்தவரே இதிற் பெரும்பாலும் அகப்பட்டனர்.

இவற்றினும் அச்சந்தருவது ஒன்று உண்டு. 2016 ஆகஸ்டில், ஐக்கிய அரபு நாட்டு மனித உரிமையாளர் ஒருவர்க்கு வந்த குறுஞ்செய்தியை ஆராய்ந்தபோது, அதிலுள்ள இணைப்பைத் தொட்டிருப்பாராயின் அவரறியாமலே அவர் ஐபோனின் சிறை உடைக்கப்பட்டு, 'பெகாசஸ்' என்னும் ஒற்றுநிரல் உள்ளே குடிபுகுந்திருக்கும் என்பது புலனாயிற்று. உடையவன் தன் விருப்பத்தால் திறக்கும் கதவும், ஒற்றன் கள்ளத்தனமாய்த் திறக்கும் கதவும் ஒரே வகையின. எக்குறையின் வழியே நாம் வெளியே வருகிறோமோ, அக்குறையின் வழியே பிறன் உள்ளே வரலாம். மேலும், சிறையுடைத்த கருவிக்கு அடுத்த திருத்தத்தை ஏற்றினால் உடைப்பு மறையும் என்று அஞ்சி, உடையவன் திருத்தத்தைத் தள்ளிப்போடுகிறான். அதனால் அறியப்பட்ட ஓட்டைகள் பலவும் அடைபடாமல் நிற்கின்றன. அறைச்சுவர்கள் இடிந்த வீட்டில் ஒரு செயலி மற்றொன்றின் இரகசியத்தைப் பார்க்கவும் கூடும்.

பூட்டியே வைத்தால் முழுதும் காப்புண்டோ எனின், அதுவும் இல்லை. 2015 செப்டம்பரில் 'எக்ஸ்கோடு கோஸ்ட்' என்னும் தீநிரல் கலந்த செயலிகள் ஆப்பிளின் சொந்தக் கடையிலேயே புகுந்திருந்தன. ஆகவே காவலன் உறங்குவதே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. காவலன் ஒருநாள் உறங்கினான் என்பதற்காகக் காவலே வேண்டா என்று கதவைக் கழற்றுதல் அறிவுடைமையாகாது என்பதே கூறத்தக்கது.

இனி நம் மாவட்டத்து வீடுகளை நோக்குவோம். 2016இல் யூ.பி.ஐ. முறை தொடங்கியது முதல், கைப்பேசியே பணப்பையாயிற்று. 2022இற் புதுமைப்பெண் திட்டமும், 2024இல் தமிழ்ப்புதல்வன் திட்டமும் தொடங்கி, மாதந்தோறும் ₹1,000 மாணவர் கணக்கிற் சேர்ந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையும் வங்கிக் கணக்கின் வழியதே. பல குடும்பங்களில் தாய் தந்தையர் வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்திருப்பது கல்லூரியிற் படிக்கும் மகனுடைய எண்ணே. ஒருமுறைக் கடவுச்சொல் வருவது அக்கருவிக்கே. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விற்ற தொகை வந்த செய்தியும் அதற்கே. ஆகவே மாணவன் தன் கைப்பேசி என்று கருதி உடைப்பது தன் கைப்பேசியை மட்டுமன்று. வீட்டுப் பெட்டகத்தையும் ஆகும். ஏமாந்தால் இழப்பவள், ஜெயில்பிரேக் என்னும் சொல்லையே கேட்டறியாத தாய். இவ்விஷயத்தில் உண்மையான அபாயம் இதுவேயென்பது நம் கருத்து.

வங்கிகளும் இதனை அறிந்தே நடக்கின்றன. ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட மின்கட்டணப் பாதுகாப்பு நெறிகளில், கருவி குறைந்த அளவுத் தகுதி உடையதோ என்று பார்த்தே செயலியை இயங்கவிடுமாறு கூறப்பட்டது. பூட்டுடைத்த கருவியைக் கண்டால் வங்கிச் செயலிகள் பல வேலை செய்ய மறுப்பதன் காரணம் இதனால் விளங்கும். மறுக்கும் செயலியை ஏமாற்றும் தந்திரங்களும் உள. ஆனால் தன் பணத்தைக் காக்க நிற்பவனைத் தானே ஏமாற்றி உட்புகுவோன் புத்தியை என்னென்பது? இன்னும், உடைக்கும் முயற்சி இடையிலே பிழைத்தால் கருவி செங்கல்லாய்க் கிடக்கும். செய்தவனும் உத்தரவாதத்தை நீட்டான். புகைவண்டி எட்டாத பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் பேருந்தேறிப் போய் வெறுங்கையோடு திரும்பவும் நேரும்.

சட்டம் என் சொல்கிறது? அமெரிக்காவில் 2010 ஜூலையிற் காங்கிரஸ் நூலகம், கைப்பேசியின் சிறையுடைத்தல் பதிப்புரிமைச் சட்டத்துக்கு மாறான குற்றமன்று என்று விலக்களித்தது. 2015இல் அவ்விலக்குக் கைக்கணினிகளுக்கும் விரிந்தது. இணைப்பு நிறுவனத்தின் கட்டை அவிழ்க்கும் உரிமையை 2014 ஆகஸ்டு முதல் நாள் தனிச்சட்டம் வழங்கியது. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்திற் சேர்ந்த 65ஏ பிரிவு கவனிக்கத்தக்கது. பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு தொழில்நுட்பக் காப்பை உடைப்பார்க்கு ஈராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அச்சட்டம் வெளிப்படையாக விலக்காத வேறு நோக்கத்துக்குச் செய்வது குற்றமாகாது. ஆனால் பிறர்க்கு அதனைச் செய்து கொடுப்போர், அவர் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றை முழுமையாக எழுதி வைத்தல் வேண்டும். நம் ஊர்க் கடைக்காரர் எத்துணைப் பேர் இத்தகைய ஏடு வைத்திருக்கின்றனர் என்பது சிந்திக்கத் தக்கது. ஆகவே சட்டம் கையைப் பார்ப்பதினும் கருத்தையே மிகுதியாகப் பார்க்கிறது: தமிழெழுத்துருவுக்காகத் திறந்தவன் வேறு, விலைபெறும் செயலியைத் திருடத் திறந்தவன் வேறு. கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றுவதோ தெளிவான குற்றம். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, ₹50 இலட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பூட்டுத் திறப்பதாகச் சொல்லிக் களவுக் கருவியின் எண்ணையும் மாற்றித் தருவோரிடம் மாணவர் நெருங்கலாகாது.

இருபுறமும் கேட்டோம், இனித் துணிவு கூறுவோம். முழுவிலை கொடுத்து வாங்கிய கருவியைத் திறந்து பார்க்கும் உரிமை உடையவனுக்கு உண்டு என்பதே நம் கொள்கை. நிலத்தை விற்றவன் கிணற்றின் மூடியைத் திறக்காதே என்று ஆணையிடுதல் முறையன்று. ஆயினும் உரிமையுள்ளன யாவும் செய்யத்தக்கன ஆகா. உரிமை ஒருவனுடையதாக, அதனைச் செலுத்துவதால் வரும் கேடு வீட்டார் அனைவருடையதும் ஆயின், அவ்வுரிமையை அடக்கிக்கொள்ளுதலே அறம். எனவே குடும்பத்தின் பணமும் அடையாளமும் தங்கியுள்ள கைப்பேசியின் சிறையை உடைத்தல் தகாது. பணமும் அடையாளமும் தங்காத பழைய கருவியைக் கற்கும் பொருட்டுத் திறத்தல் தகும். தகுவது மட்டுமன்று, அறிவியல் மாணவர்க்கு அது நல்ல பயிற்சியும் ஆகும்.

திறக்கும் வழியிலும் வேற்றுமை உண்டு. செய்தவனே திறவுகோல் தரும் கருவிகள் சில உள்ளன. கூகுளின் பிக்சல் முதலியவற்றில் தொடக்கப் பூட்டைத் திறக்க முறையான வழி உண்டு. திறக்குமுன் உள்ளிருக்கும் செய்தியனைத்தையும் அக்கருவி அழித்துவிடும். கள்வன் திறந்தாலும் உடையவன் இரகசியம் அவனுக்குக் கிட்டாமைப் பொருட்டு அமைந்த ஏற்பாடு அது. திறவுகோலால் திறப்பதும் கடப்பாறையால் இடிப்பதும் ஒன்றல்ல. இயன்றவரை திறவுகோல் தருவோன் கருவியையே தேர்ந்து வாங்குதல், பின்னர் உடைக்க முயல்வதினும் மேல்.

உடைப்பதொன்றே விடுதலைக்கு வழியென்று கருதுவதும் பிழை. நாட்டு மக்கள் கூடிக் கேட்டால் பூட்டினோரே திறக்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியதன் பயனாக, 2024 மார்ச்சு முதல் அங்குள்ள ஐபோன்களில் வேறு கடைகளுக்கும் இடம் கிடைத்தது. நம் நாட்டுப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு பற்றிய வழக்கில் 2022 அக்டோபர் 20ஆம் நாள் கூகுளுக்கு ₹1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு மன்றம் ஆணையத்தின் கட்டளைகளிற் சிலவற்றை நீக்கினும், அபராதத்தை உறுதி செய்தது. பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவணரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு தளத்தைத் திறந்தது. முன்னர்க் கூறிய தமிழெழுத்தும் இறுதியில் எல்லாக் கருவிகளிலும் நிலைபெற்றது, உள்ளிருந்தும் புறத்திருந்தும் உழைத்த அறிஞரின் இடையறா முயற்சியாலேயாம். ஒருவன் தன் கருவியை உடைத்தால் அவனொருவனுக்கே எழுத்துக் கிடைக்கும். பலர் கூடி வற்புறுத்தினால் அனைவர்க்கும் கிடைக்கும்.

ஆதலின் நம் மாணவ நண்பர்க்குக் கூறத்தக்கன மூன்று. முதலாவது, இயங்குதளம் எவ்வாறு எழுகிறது, முத்திரை எவ்வாறு சோதிக்கப்படுகிறது, அறைச்சுவர் எதனைக் காக்கிறது என்பவற்றைக் கற்றபின் கருவியிற் கைவைக்க. ஏலாக்குறிச்சிப் பெரியார் இலக்கணங் கற்றபின் எழுத்திற் கைவைத்த வரிசை அதுவே. இரண்டாவது, முகந்தெரியாதவர் இலவசமாகத் தரும் உடைப்பு நிரலை ஐயுறுக. தாய்தந்தையர் எண் தங்கிய கருவியை ஒருகாலும் சோதனைக்கு உட்படுத்தற்க. மூன்றாவது, பழைய கருவிகள் சிலவற்றை நம் கணினித்துறை ஆய்வுக்கூடத்திற் சேர்த்து, ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் வெளிப்படையாகத் திறந்து கற்க இடஞ்செய்தல் நன்று. முன்னாள் மாணவர் தம் வீட்டிற் கிடக்கும் பழைய கைப்பேசிகளை, உள்ளிருப்பன யாவற்றையும் அழித்தபின், இதற்கென வழங்குவராயின் பேருதவியாம். கடைத்தெருவில் மறைவிற் கற்பதைக் கல்லூரியில் வெளிச்சத்திற் கற்பித்தால், பூட்டை உடைக்கத் தெரிந்தவர் மட்டுமன்றி, உடையவன் கையிலே திறவுகோல் தரும் நேர்மையான பூட்டைச் செய்யத் தெரிந்தவரும் பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் தோன்றுவர்.